சின்னக் கடல்கன்னியும் மைப்பூதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதி நூலகத்தின் சிறுவர் பிரிவில் கதை சொல்லி வருகிறேன். பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கும் கதை, இப்பி என்ற சின்னக் கடல்கன்னியும் ஆழ்கடலில் வாழும் மைப்பூதமும் பற்றியது. கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றையும் என் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கம்: மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து எடுத்த கண்ணாடிக் குடுவைகளில் ஒளிரும் சிற்றுயிர்களை அடைத்து, அவற்றை விளக்காகப் பிடித்துக்கொண்டு கடல்கன்னிப் பிள்ளைகள் விளையாடப் போவார்கள். பெரும்பள்ளத்தின் விளிம்பை நெருங்கும்போதெல்லாம் இருட்டிலிருந்து நீண்ட கை ஒன்று வந்து விளக்கை உடைத்துவிட்டு மறையும். இன்று வெளிச்சத்தைத் தின்னும் மைப்பூதம் நாளை பிள்ளைகளைத் தின்னும் என்று அஞ்சிய பெரியவர்கள், ஈட்டிகளைக் கூர்தீட்டத் தொடங்குகிறார்கள். அவர்கள் புறப்படுவதற்கு முந்தின இரவு, இப்பி தனியாக, கையில் விளக்கில்லாமல், அந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறாள்.

கடல்கன்னி நிஜமாகவே இருக்கிறாளா?

இல்லை. பாதி மனித உடலும் பாதி மீன் உடலும் கொண்ட உயிர் எந்தக் கடலிலும் கண்டறியப்பட்டதில்லை. 2012ஆம் ஆண்டில், கடல்கன்னியின் உடல் கிடைத்துவிட்டதாகச் சொல்லும் ஒரு கற்பனை நிகழ்ச்சி ஆவணப்படத்தின் பாணியில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, அதை நம்பிய பலர் கேள்வி கேட்கத் தொடங்கியதால், அத்தகைய உயிர் இருப்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசின் கடல்சார் அமைப்பே விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.

பிள்ளை கேட்கும்போது மழுப்பாமல் இதையே சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். "கடலில் இல்லை, கதையில் இருக்கிறாள்" என்று நான் சொல்வேன். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் எழுந்து போனதில்லை. மாறாக, "அப்படியானால் மேலே சொல்லுங்கள்" என்று இன்னும் நெருங்கித்தான் உட்காருகிறார்கள். உண்மை எது, கதை எது என்று தெரிந்த பிள்ளை கதைக்குள் துணிவாக நுழைகிறது. தெரியாத பிள்ளை பாதி மனத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறது.

கடல்கன்னி இல்லையென்றால் அந்தக் காலத்து மாலுமிகள் எதைத்தான் பார்த்தார்கள்?

பெரும்பாலும் கடற்பசுவையும் அதன் உறவினங்களையும் பார்த்திருக்க வேண்டும். கரீபியக் கடலில் இஸ்பானியோலாத் தீவின் அருகே மூன்று கடல்கன்னிகள் நீரிலிருந்து மேலெழுந்ததாகவும், படங்களில் வரைவதுபோல் அவை அவ்வளவு அழகாக இல்லை என்றும், கொலம்பஸின் பயணக் குறிப்பில் 1493 ஜனவரி 9ஆம் நாளுக்குரிய பகுதி கூறுகிறது. அவர் கண்டது மானட்டி என்ற நீர்வாழ் பாலூட்டி என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. பாடி மயக்கும் கிரேக்கப் புராணப் பெண்களான சைரன்களின் பெயரைக் கொண்டே விலங்கியலாளர்கள் மானட்டியும் கடற்பசுவும் அடங்கிய விலங்கு வரிசைக்கு சைரீனியா என்று பெயர் வைத்தார்கள். பழைய கிரேக்க ஓவியங்களில் சைரன்களுக்குப் பறவை உடல்தான் இருந்தது. மீன்வால் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வரிசையைச் சேர்ந்த கடற்பசு நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. நம் கரையோரத்தில் அதற்கு ஆவுளியா என்று பெயர். சுமார் மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ வரை எடையும் கொண்ட இவ்விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. மூச்சு விடுவதற்கு நீர்மட்டத்துக்கு வருகிறது. முன்துடுப்பின் அடியில் இருக்கும் காம்பில் குட்டிக்குப் பால் கொடுக்கிறது. மங்கிய மாலை வெளிச்சத்தில், பல மாதங்களாக நிலத்தைக் காணாத ஒருவனுக்கு, நீரிலிருந்து எழும் உருண்டைத் தலையும் பிறகு மேலே வந்து மறையும் வாலும் எப்படித் தோன்றியிருக்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அப்படிப் பாதுகாக்காவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்டால், பேரிங் கடலில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவைப் பற்றிச் சொல்கிறேன். அறிவியலாளர் ஒருவர் அதை முதன்முதலில் கண்டது 1741இல். வேட்டையால் அது அடியோடு அழிந்தது 1768இல்.

கடல்கன்னி கரை ஒதுங்கியதாகக் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்ததே, அதுவும் பொய்யா?

பொய்தான். இத்தகைய ஏமாற்று வேலை கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. 1842ஆம் ஆண்டு நியூயார்க்கில் பார்னம் என்ற காட்சிக்கூட உரிமையாளர் 'ஃபிஜித் தீவுக் கடல்கன்னி' என்று ஒன்றைக் காட்டிக் கூட்டம் சேர்த்தார். அது குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்த பொருள். சற்றுப் பெரிய பிள்ளைகளிடம், தையல் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு அவர்கள் எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் தையலைத்தான் தேடுவார்கள்.

அப்படியென்றால் மைப்பூதமும் பொய்தானா?

இங்கே விடை மாறுகிறது. கடல்கன்னி இல்லை, ஆனால் மைப்பூதத்துக்கு மிக நெருக்கமான ஓர் உயிர் இருக்கிறது. நார்வே நாட்டு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிராக்கன் என்ற கடற்பூதத்தைப் பற்றிப் பேசி வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்கன் நகர ஆயர் எரிக் பொன்டோப்பிடன் நார்வேயின் இயற்கை வரலாற்றை எழுதியபோது, தீவு என்று மயங்கும் அளவுக்குப் பெரிதாக அதை வருணித்தார். அது மேலெழும் இடத்தில் மீன் திரண்டிருக்கும் என்பதால் மீனவர்கள் துணிந்து அதன்மேலேயே வலை வீசுவார்கள் என்றும் எழுதினார். அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கதையிலிருந்து உயிரைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் யாப்பெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப். கரை ஒதுங்கிய உடற்பகுதிகளைக் கொண்டு 1857ஆம் ஆண்டு அவர் இராட்சதக் கணவாய்க்கு ஆர்க்கிடியூத்திஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். 1861இல் பிரெஞ்சுக் கப்பலான அலெக்டன், கானரித் தீவுகளின் அருகே அப்படி ஒன்றைக் கண்டு கயிறு கட்டி இழுக்க முயன்றது. வால்பகுதியின் ஒரு துண்டு மட்டுமே கையில் மிஞ்சியது. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும், உயிருடன் அது தன் ஆழத்தில் வாழ்வதை யாரும் படமெடுக்கவில்லை. 2004 செப்டம்பரில்தான் ஜப்பானிய ஆய்வாளர் சுனேமி குபோடெராவின் குழு, ஒகசவாராத் தீவுகளின் அருகே சுமார் 900 மீட்டர் ஆழத்தில் இரைகட்டித் தொங்கவிட்ட கேமராவால் 500க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. வாழிடத்திலேயே அது நீந்துவதைக் காட்டும் வீடியோ 2012இல் கிடைத்தது.

பெண் கணவாய், நீண்ட பற்றுக்கைகளையும் சேர்த்து, 12 மீட்டர் வரை வளரும். பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து அந்த நீளத்தை அளந்து காட்டியிருக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். நம் மீனவர்கள் எட்டுக்கால் கொண்ட ஆக்டோபசைப் பேய்க்கணவாய் என்று அழைப்பதையும் இந்த இடத்தில் சொல்வேன். ஆக, பூதமும் பேயும் நம் மீன்சந்தைச் சொல்லிலேயே இருக்கின்றன.

அது கப்பலைக் கவிழ்த்துவிடுமா?

கவிழ்க்காது. பெரிய கப்பலைக் கவிழ்க்கும் எடை அதற்கு இல்லை. அது வாழும் ஆழத்துக்குக் கப்பல் போவதும் இல்லை. கதைப்படங்களில் கப்பலைச் சுற்றிக் கைகள் வளைத்திருப்பது ஓவியரின் கைவண்ணம். நீர்மட்டத்தில் காணப்பட்ட இராட்சதக் கணவாய்கள் பெரும்பாலும் செத்தவை அல்லது சாகும் நிலையில் இருந்தவை.

கடல்கன்னியின் வால் மேலும் கீழுமாக அசையுமா, பக்கவாட்டில் அசையுமா?

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. எனக்கு அன்று விடை தெரியவில்லை என்பதால் ஒரு வாரம் தவணை கேட்டேன். மீன்கள் உடலை இடமும் வலமுமாக வளைத்து நீந்துகின்றன. அதனால் அவற்றின் வால்துடுப்பு செங்குத்தாக நிற்கிறது. திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), கடற்பசு ஆகிய பாலூட்டிகளின் முன்னோர் நிலத்தில் ஓடியவை. ஓடும்போது முதுகு மேலும் கீழும் வளைந்த அந்தப் பழக்கமே நீருக்குள்ளும் தொடர்ந்ததால், அவற்றின் வால் கிடையாக அமைந்து மேலும் கீழும் அசைகிறது.

கடல்கன்னிக்கு மனிதரின் முதுகெலும்பு என்று வைத்துக்கொண்டால் அவளும் மேலும் கீழுமாகத்தான் நீந்த வேண்டும். படங்களிலும் வால் பெரும்பாலும் அப்படித்தான் வரையப்படுகிறது. ஆனால் அதன்மேல் மீனின் செதில்களையும் போர்த்திவிடுகிறார்கள். இப்பியின் வாலை நான் கடற்பசுவின் வாலைப்போல் வழுவழுப்பாகச் சொல்லத் தொடங்கியது அந்தச் சிறுவனால்தான்.

அவள் தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுகிறாள், எப்படிப் பேசுகிறாள்?

மேற்சொன்ன விடையின்படி அவள் பாலூட்டி என்றால், மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி மீண்டும் மேலே வர வேண்டும். செவுள் இருக்கிறது என்று சொல்வதும் கதைக்குள் பிழையில்லை. ஆனால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். நான் மூச்சடக்கத்தைத் தேர்ந்தேன். இப்பி பள்ளத்தில் இறங்கும்போது பிள்ளைகளும் அவளுடன் மூச்சை அடக்குகிறார்கள். வேறு எந்த உத்தியாலும் அந்த அமைதியை வரவழைக்க என்னால் முடிந்ததில்லை. பேச்சைப் பொறுத்தவரை கடல் தடையே இல்லை. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது.

கடலுக்கு அடியில் இருட்டாக இருக்கும் என்கிறீர்கள். புத்தகத்தில் எல்லாமே நீலமாகப் பளிச்சென்று இருக்கிறதே?

புத்தகத்தில் வரைந்திருப்பது மேற்கடல். நீர் முதலில் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. நீலமே அதிக ஆழம்வரை போகிறது. சுமார் 200 மீட்டருக்குக் கீழே அந்திநேரம் போன்ற மங்கல். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி அறவே இல்லை. அதனால் ஆழத்தில் சிவப்புப் பொருள் கறுப்பாகத் தெரியும். ஆழ்கடல் உயிர்கள் பல சிவப்பாக இருந்தும் கண்ணுக்குத் தப்புவது இதனால்தான். கடல்கன்னிக்குச் சிவப்புத் தலைமுடி வரைந்தால், கீழே போகப் போக அது கருங்கூந்தலாகிவிடும்.

ஆனால் அங்கே வெளிச்சமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உயிர்களே ஒளிவிடுகின்றன. ஏதேனும் ஒன்று நீரைக் கலக்கிக்கொண்டு போனால், வழியில் இருக்கும் சிற்றுயிர்கள் பளிச்சிடும். இப்பியின் கதை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

மைப்பூதம் ஏன் விளக்கை மட்டும் உடைக்கிறது? பிள்ளைகளை ஏன் ஒன்றும் செய்யவில்லை?

கதையின் நடுவிலேயே இதைக் கேட்டுவிடும் பிள்ளைக்கு என் வணக்கம். இப்பியும் இதையேதான் கேட்டுக்கொள்கிறாள். பெரியவர்கள் எல்லோரும் உடைந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒருவர் உடலில்கூடக் கீறல் இல்லை என்பதை அவள் ஒருத்தி கவனித்தாள்.

இராட்சதக் கணவாயின் கண் விலங்குலகின் மிகப் பெரிய கண்களில் ஒன்று. ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் விட்டம், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். அவ்வளவு பெரிய கண் எதற்கு என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2012இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலம் பாய்ந்து வரும்போது அதன் உடலைச் சுற்றிச் சிற்றுயிர்கள் மங்கலாக ஒளிர்கின்றன; நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே அந்த மங்கலைக் கண்டு தப்புவதற்குத்தான் அந்தக் கண் என்பது அவர்கள் முடிவு. திமிங்கிலத்தின் வயிற்றில் கணவாயின் அலகுகளும், தோலில் கணவாயின் உறிஞ்சிகள் பதித்த வட்டத் தழும்புகளும் கிடைப்பதால், இரண்டுக்கும் இடையே நடக்கும் போராட்டம் ஐயத்துக்கு இடமற்றது.

இதைப் படித்த அன்று என் கதை மாறியது. பிள்ளைகளின் விளக்கு அந்தக் கண்ணைக் கூசச் செய்கிறது. கூசிய கண்ணுக்குத் திமிங்கிலம் வருவது தெரியாது. பூதம் வெளிச்சத்தைத் தின்னவில்லை, பயத்தால் அணைக்கிறது. விளக்கில்லாமல் இறங்கிய இப்பி நெடுநேரம் இருட்டில் காத்திருக்கிறாள். பிறகு, தன் முகத்துக்கு எதிரே தட்டளவு கண் ஒன்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை, தொலைவில் மெல்லப் படரும் ஒளியில் காண்கிறாள். அந்த ஒளி என்ன என்பதை அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறாள்.

பூதத்தைக் கொல்லாமல் முடித்தால் கதை சப்பென்று போய்விடாதா? வீரம் எங்கே இருக்கிறது?

தந்தையர் அதிகம் கேட்பது இது. விளக்கைக் கரையில் வைத்துவிட்டு இருட்டில் இறங்குவதைவிடப் பெரிய வீரத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஈட்டியோடு போகிறவனுக்குத் துணையாக ஈட்டியாவது இருக்கிறது.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் கதை இதற்கு நல்ல துணை. கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கிய சாதுவனை, மனிதரைத் தின்னும் அம்மக்கள் இரையென்று சூழ்கிறார்கள். அவனோ அவர்கள் மொழியை அறிந்தவன், அதில் பேசுகிறான். அவர்கள் திகைத்துத் தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்ல, அங்கே கொல்லாமையைப் பற்றி அவன் வாதிட்டு, முடிவில் பரிசுப் பொருள்களோடு ஊர் திரும்புகிறான். இந்தப் பகுதியைச் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் சலித்துக்கொண்டதில்லை. அவன் பேசி முடிக்கும்வரை அவனைத் தின்றுவிடுவார்களோ என்ற பதைப்பு தீர்வதே இல்லை. கதையின் விறுவிறுப்பு அந்தப் பதைப்பில் இருக்கிறது. அதற்குப் பிணம் விழ வேண்டிய தேவையில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதைதானே? நம் பக்கத்தில் கடல்கன்னி உண்டா?

கடல்கன்னி ஐரோப்பியரின் தனிச்சொத்து இல்லை. பழைய சிரியாவில் அத்தர்காத்திஸ் என்ற தெய்வத்துக்கு மீனுடல் இருந்ததாகக் கதை உண்டு. ஜப்பானில் நிங்யோ என்ற மனிதமுக மீனின் கறியைத் தின்ற பெண் எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். தாய்லாந்தின் இராமகதையான ராமகியெனில் வரும் சுவண்ணமச்சா என்ற பொன்மீன் மங்கை எனக்கு மிகவும் நெருக்கமானவள். இராவணனின் மகளான அவள், தந்தையின் ஆணைப்படி, இலங்கைக்குப் போடும் பாலத்தின் கற்களை மீன்களைக் கொண்டு எடுத்துச் செல்ல வைக்கிறாள். தடுக்க வந்த அனுமன்மேல் காதல் கொள்கிறாள். அவர்களுக்கு மச்சானு என்ற மகன் பிறக்கிறான். நம் இராமேசுவரக் கடலில் நடப்பதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி அது. ஆனால் கம்பரிடமும் வான்மீகியிடமும் அவள் இல்லை.

தமிழில் நீரில் வாழும் தெய்வப் பெண்களுக்கு நீரரமகளிர் என்ற பழஞ்சொல் இருக்கிறது. மணிமேகலா தெய்வமோ கடலில் தத்தளிப்பவரைக் காப்பவள். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காத்ததற்கு நன்றியாகவே அவன் மகளுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அவளுக்கு மீன்வால் இல்லை. எனினும் கடலின் நடுவே ஒரு பெண் நம்மைக் காக்க வருவாள் என்ற நம்பிக்கை அதேதான். பூதத்தின் பக்கம் பார்த்தால், திமிங்கிலம் என்ற சொல்லே ஒரு பூதக்கதை: திமி என்ற பெருமீனை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று வடமொழி நூல்கள் அடுக்குகின்றன. பிள்ளைகள் அந்த அடுக்கை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போவார்கள்.

டென்மார்க் கதையில் கடல்கன்னி நுரையாகக் கரைந்துவிடுகிறாளாமே. சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லலாமா?

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837ஆம் ஆண்டு வெளியிட்ட கதை அது. ஆறு சகோதரிகளில் கடைசிப் பெண், பதினைந்து வயதில் நீர்மட்டத்துக்கு வந்து, மூழ்கும் இளவரசனைக் காப்பாற்றுகிறாள். கால்களுக்காகத் தன் நாவைச் சூனியக்காரியிடம் இழக்கிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் மீண்டும் கடலுக்குத் திரும்பலாம் என்று சகோதரிகள் தங்கள் கூந்தலை விலையாகக் கொடுத்து வாங்கிவந்த கத்தியை அவள் கடலில் எறிந்துவிட்டு, நுரையாகிறாள். பின்னர் காற்றின் மகளிருள் ஒருத்தியாக உயர்கிறாள். 1989ஆம் ஆண்டு வந்த அமெரிக்கத் திரைப்படம் இந்த முடிவைத் திருமணமாக மாற்றிவிட்டதால், பிள்ளைகள் இரண்டு முடிவுகளையும் வைத்துக்கொண்டு சண்டையிடுவதுண்டு. ஆண்டர்சன் எழுதியது முதலாவது என்று மட்டும் சொல்லி, எது பிடிக்கிறது என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம் என்பது என் கருத்து. அவர்கள் அழுவார்கள், அந்த அழுகை நல்லது. ஆனால் கதையின் கடைசியில், பிள்ளைகள் தவறு செய்தால் காற்றின் மகளிருக்குச் சோதனைக்காலம் நீளும் என்று வரும் பகுதியை நான் விட்டுவிடுகிறேன். ஒருத்தியின் துயரத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையைப் பொறுப்பாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அவள் சூனியக்காரியின் வீட்டுக்குப் போகும் வழியை மட்டும் ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்வேன்: பாதி விலங்கும் பாதிச் செடியுமான கைகள் இருபுறமும் நீள, அவள் பறக்கும் கூந்தலை இறுகக் கட்டிக்கொண்டு அவற்றின் நடுவே பாய்ந்து செல்கிறாள். இப்பி அவளிடமிருந்துதான் துணிவைக் கற்றிருக்க வேண்டும்.

கோபன்ஹேகனில் இருக்கும் கடல்கன்னிச் சிலையின் தலையை ஏன் வெட்டினார்கள்?

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் திறக்கப்பட்ட, எட்வர்ட் எரிக்சன் வடித்த அந்தச் சிலை 1.25 மீட்டர் உயரமே கொண்டது. 1964இலும் 1998இலும் அதன் தலையை அறுத்தார்கள். 1984இல் கையை அறுத்தார்கள். 2003இல் வெடிவைத்துப் பாறையிலிருந்தே பெயர்த்தார்கள். எல்லோரும் அறிந்த பொருளைச் சேதப்படுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று எண்ணுபவர்கள் செய்யும் வேலை இது. ஒவ்வொரு முறையும் அதைச் சரிசெய்து அதே பாறையில் உட்கார வைத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் அறிய விரும்புவது அதைத்தான்.

கதை கேட்ட இரவு என் மகள் பயந்து தூங்கவேயில்லை. என்ன செய்வது?

முதலில், கதையைப் பாதியில் நிறுத்தினீர்களா என்று பாருங்கள். பயத்தைத் தருவது பெரும்பாலும் பூதமில்லை. முடிவு தெரியாமல் விட்ட இடம்தான். இப்பி இருட்டில் காத்திருக்கும் இடத்தில் விளக்கை அணைத்து "மீதி நாளைக்கு" என்று சொன்ன ஒரு தாயிடம், அன்றிரவே மீதியைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளத்தில் இறங்கும் பகுதியை நான் இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன். அதன்பின்னும் பயம் இருந்தால், பூதத்தின் கண்ணை மட்டும் தட்டளவு வட்டமாக வரையச் சொல்லுங்கள். வரைந்த கண் வரைந்தவளைவிடப் பயந்ததாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிள்ளை கூட்டத்தில் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லலாமா?

கடலோர ஊர் ஒன்றில் கதை சொல்லப் போயிருந்தபோது, அங்கிருந்த ஆசிரியை ஒருவர் எனக்கு முன்கூட்டியே இதைச் சொல்லி எச்சரித்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட தலைமுறையினர் இன்று பெற்றோராக இருக்கும் கரை அது. அங்கே பூதம் மனிதரைப் பிடித்துப் போகும் எந்தக் கதையையும் நான் சொல்வதில்லை. கடலடியில் மாண்டவர்கள் கடல்கன்னிகளோடு மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்று ஆறுதலுக்காகச் சொல்வதும் கூடாது. தேடிப் போகலாம் என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக்கூடும். முதல் விடையில் சொன்ன நேர்மை இங்கேதான் எல்லாவற்றையும்விட முதன்மையானது.

இப்பியின் கதையை அன்று சொன்னேன், ஆனால் கப்பல் மூழ்கிய செய்தியை எடுத்துவிட்டேன். குடுவைகள் கரையிலிருந்து மிதந்து வந்தவையாக மாறின. கதை முடிந்தபின் அந்தப் பிள்ளைகள் கணவாயைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தது, நான் அவர்களுக்குச் சொன்னதைவிட அதிகம்.

இப்பி பூதத்தைக் காப்பாற்றிவிட்டால் திமிங்கிலம் பட்டினி கிடக்காதா?

நான் சந்தித்த கேள்விகளில் மிகக் கடினமானது இது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அதற்கு முன்புவரை, என் கதையில் இப்பி திமிங்கிலத்தைத் திசைதிருப்பி விரட்டிவிடுவாள், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு பூதத்தை நண்பனாக்கிவிட்டு அதே மூச்சில் இன்னோர் உயிரைப் பூதமாக்கியிருக்கிறேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்பெர்ம் திமிங்கிலம் மூச்சை அடக்கிக்கொண்டு ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி வருவது கணவாய்க்காகத்தான். மேலே அதன் குட்டி காத்திருக்கக்கூடும்.

அதனால் முடிவை மாற்றினேன். இப்போது இப்பி திமிங்கிலத்தை விரட்டுவதில்லை. தொலைவில் ஒளி படர்வதைக் கண்டதும் பெரிய கண் மை கக்கிவிட்டு நழுவுகிறது. அவள் மூச்சு தீரும் முன் மேலே ஏறுகிறாள். ஈட்டியோடு காத்திருந்த பெரியவர்களிடம் இனிப் பள்ளத்தின் பக்கம் யாரும் விளக்கு கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள். பூதம் அன்று தப்பியதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இப்பிக்கும் அது தெரியாது. மறுநாள் இரவு விளிம்பில் விளக்கில்லாமல் உட்கார்ந்து அவளும் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.